கடைக்குட்டிக்கு ஊட்டல் மறக்கடித்தது

வீட்டை விட்டு ஆள் போன பிறகும் அலாரம் போகவில்லை. பகல் முழுக்க இரண்டு மணிக்கொரு தடவை அடித்துக்கொண்டிருந்தது. அடித்ததும் அவள் எங்கிருந்தாலும் எழுந்து சமையலறைக்குப் போவாள். மேடையின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம் கைப்பேசியை அமர்த்திவிட்டு இருந்த இடத்துக்கே திரும்பி வருவாள். இது என்ன கூத்து என்று கேட்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

கணவர் படுக்கையில் விழுந்திருந்த காலத்தில் வைத்த அலாரம் அது. மிக்ஸியில் அடித்து வடிகட்டிய உணவை சிரிஞ்சில் ஏற்றி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற மெல்லிய குழாயில் மெதுவாக இறக்கவேண்டும். அவசரப்பட்டால் எதிர்த்துக்கொண்டு வந்துவிடும். அவளுக்கு அந்த வேலை சீக்கிரமே கைவந்துவிட்டது. செயற்கைப் பல் கட்டுகிற பட்டறையில் பல வருஷம் மெழுகில் பல் நட்டவள். அவள் கை ஆடாது. கடைசியாக மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது ஒருநாள் மருத்துவர், "இனிமே உள்ள போறது எதுவும் அவருக்குப் பலம் இல்லம்மா, பாரம்தான். நிறுத்திடலாம்" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார்தான் தலையாட்டினாள். நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அவர் சில நாள் இருந்தார். அந்த நாட்களிலும் அலாரம் வேளை தவறாமல் அடித்தது. அவள் அமர்த்தினாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நாற்காலிகளை அதனதன் இடத்தில் போட்ட பிறகும் அவளுக்கு அழுகை வரவில்லை. வருகிறேன் என்று சொல்லி அனுப்பிய விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோலக் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். பட்டறைக்குப் போகவில்லை. பட்டறைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "வர்றேங்க" என்றாள். போகவில்லை.

நாத்தனார் என்பவள் கணவருடைய தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாத ஒற்றை ஆள். வாய் மட்டும் நாலு ஆளுக்கு. கூடு கலைந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து ஊட்டி வளர்த்துப் பறக்கவிடுவது அவளுக்கு இன்னொரு உத்தியோகம். அதற்காகத் தன் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறையளவுக்கு வலைக்கூண்டு கட்டியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அண்ணியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது அலாரம் அடித்தது. பேச்சின் நடுவில் அண்ணி எழுந்து போய் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசியதையும் பார்த்தாள். மறுநாள் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள்.

"அண்ணி, கையக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு?"

"உங்க அலாரத்துக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு."

பெட்டிக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி. அதை ஒட்டி, காகிதக் கைக்குட்டைகளைச் சுருட்டிச் செய்த ஒரு கூடு. கூட்டுக்குள் மூன்று கொண்டைக்குருவிக் குஞ்சுகள். கண் சரியாகத் திறக்கவில்லை. சிவந்த தோலில் சிறகுகள் இன்னும் விரியாமல், பேனா ரீஃபில்களை வெட்டிச் செருகியதுபோல் துருத்திக்கொண்டிருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்னாலும் தப்பில்லை.

"என் ஸ்டூடன்ட் ஒருத்தி வீட்டுப் பால்கனியில, தொங்கற பூந்தொட்டிக்குள்ள கூடு. அம்மாவப் பூனை கொண்டுபோயிடுச்சு. அப்பன் ஒரு தடவ வந்து எட்டிப் பாத்துட்டு, சரி நீங்களே பாத்துக்கங்கன்னு கிளம்பிட்டான்."

"என்னால முடியாது. எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது."

"மனச யாரு கேட்டா? கை போதும்" என்றாள் நாத்தனார். "எனக்கு நாள் பூரா வண்டி. அரை மணிக்கொரு தடவ ஊட்டணும். சிக்னல்ல நின்னு ஊட்ட முடியுமா?"

அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை. மறுப்பதற்கும் உள்ளே ஏதாவது இருக்கவேண்டும்.

கை வேலையைக் கற்றுக்கொண்டது. ஊறவைத்த பூனைத் தீவனம், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, தலை நசுக்கிய புழு. பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த முனை மழுங்கிய இடுக்கியால் கடலைப் பருப்பளவு எடுத்து, தொண்டையின் உட்பக்கம் வைக்கவேண்டும். நாக்கின் மேல் வைத்தால் துப்பிவிடும். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. நாக்குக்கு அடியில் மூச்சுக்குழாய் திறந்தே இருக்கும், நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஊட்டி முடித்ததும் குஞ்சு திரும்பி உட்கார்ந்து பின்பக்கத்தைத் தூக்கும். வெள்ளைச் சவ்வில் கட்டிய பழுப்புப் பொட்டலம்போல எச்சம் வரும். கீழே விழுவதற்குள் இடுக்கியால் பிடித்து எடுத்துவிடலாம். அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

இரண்டு மணி அலாரத்துக்கு இடையில் அதே ஓசையில் இன்னும் சில அலாரங்களைச் சேர்த்தாள். கைப்பேசி பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது அடிக்கும், அவள் மூடியைத் திறப்பாள், மூன்று கழுத்துகள் நூல் கட்டி இழுத்தாற்போல் மேலே எழும்பும். வாய்க்குள் அத்தனை சிவப்பு. தலையே வாயாகிவிட்ட பிராணிகள். மூன்றுக்கும் போட்டுவிட்டு மூடுவாள். போட்டோம் என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தோன்றாது. பிடிக்கிறதா என்று நாத்தனார் கேட்டபோது, "வேல சரியா நடக்குது" என்றாள்.

சிறகு முளைத்து, வால் நீண்டு, பெட்டியின் விளிம்பில் ஏறி உட்காரத் தொடங்கியதும் மூன்றையும் ஜன்னலோரக் கூண்டுக்கு மாற்றினார்கள். அதற்குள் நாத்தனார் பெயரும் வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலில் நிற்பது மேஸ்திரி. ஊட்டும்போதே கண் சொருகுவது தூங்குமூஞ்சி. கடைசியாகக் கண் திறந்தது கடைக்குட்டி.

"இனிமேதான் கஷ்டமான பாடம்" என்றாள் நாத்தனார். "ஊட்டறது யாருக்கும் வரும். ஊட்டல மறக்கடிக்கறதுதான் வராது. அலாரத்துக்கெல்லாம் ஊட்டாதீங்க. காலையில வயிறு நிறைய ஒரு தடவ. அப்புறம் இடைவெளியக் கூட்டிக்கிட்டே போங்க. பப்பாளியக் கீறி கிளையில குத்தி வைங்க. புழுவ உயிரோட தட்டுல விடுங்க. நெளியறதப் பாத்தா கொத்தத் தோணும். வாயப் பொளந்துக்கிட்டு கத்தும். பசி இல்லன்னாலும் கத்தும். அதப் பாத்து இரக்கப்பட்டீங்க, தீந்துச்சு."

"தீந்தா என்ன ஆகும்?"

"ஆபீசர் ஆயிடும்."

ஆபீசரை அவளுக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் கூண்டில் இருக்கிற கொண்டைக்குருவி. யாரோ ஒரு வீட்டில் செல்லம் கொடுத்து வாயிலேயே ஊட்டி, வளர்ந்த பிறகு கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனது. வெளியே விட்டால் முதலில் கண்ணில் படுகிற மனுஷன் தோளில் போய் உட்காரும். மனுஷன் கிடைக்காவிட்டால் பூனையின் முன்னால். அதனால் கூண்டிலேயே வயதாகிவிட்டது. லைசென்சுக்குப் பணம் கட்ட வருகிறவர்கள் பையில் கைவிட்டால் போதும், கிழட்டு ஆபீசர் இறக்கையைப் படபடவென்று உதறிக்கொண்டு வாயைத் திறக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நாத்தனார் மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

மேஸ்திரி பப்பாளியைத் தானாகவே கண்டுபிடித்தான். முதல் நாள் அதன்மேல் ஏறி நின்றான், மறுநாள் அலகைத் துடைத்தான், அதற்கடுத்த நாள் தின்றான். அவனைப் பார்த்துத் தூங்குமூஞ்சி. புழு நெளிகிற தட்டில் இரண்டும் அடித்துக்கொண்டன. கடைக்குட்டி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, அது யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கிறபோது மட்டும் அதற்கு உயிர் வரும். கம்பிக்கு ஓடிவந்து, உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை உதறி, வாயைத் திறக்கும்.

அலாரத்தை அவள் எடுக்கவில்லை. அடித்தால் எழுந்தாள்; எழுந்தால் இடுக்கியை எடுத்தாள். இரக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. இரக்கம் எப்படியிருக்கும் என்பதே அப்போது அவளுக்கு ஞாபகமில்லை. திறந்த வாய் ஒன்று முன்னால் இருந்தது, கை தானாகப் போயிற்று, அவ்வளவுதான்.

நாத்தனார் தினமும் தொலைபேசியில் கேட்பாள்.

"மூணும் தின்னுதா?"

"தின்னுது."

"கடைக்குட்டி?"

"அதுவும்."

முழுப் பொய்யும் இல்லை. தின்னத்தான் செய்தது.

மொட்டைமாடிக் கூண்டுக்கு மாற்றுவதற்காக நாத்தனார் வந்தது ஒரு விடுமுறை நாள் காலை. அட்டைப் பெட்டியைக் கதவருகில் வைத்துவிட்டு, கூண்டிலிருந்து தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். குருவிகளைக் கவனிக்கும்போது மட்டும் அவளுக்கு வாய் மூடியிருக்கும். மேஸ்திரி பப்பாளியைக் கிழித்தான். தூங்குமூஞ்சி ஒரு புழுவைப் பிடித்துக் கிளையில் அடித்து விழுங்கியது. கடைக்குட்டி சும்மா இருந்தது.

"இப்பதான் தின்னுச்சு" என்றாள் அவள்.

அப்போது அலாரம் அடித்தது.

கடைக்குட்டி பறந்து வந்து கம்பியைப் பற்றிக்கொண்டது. அவளைப் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. மேஜைமேல் ஒளிர்ந்துகொண்டிருந்த கைப்பேசியை நோக்கி, காது கிழியக் கத்திக்கொண்டு வாயைத் திறந்தது.

நாத்தனார் கைப்பேசியைப் பார்த்தாள். குருவியைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணி, இது யாரப் பாத்து வாயத் தொறக்குது?"

"போன."

"போன." நாத்தனார் எழுந்து, கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு கூண்டின் மறுபக்கம் போனாள். கடைக்குட்டி அந்தப் பக்கக் கம்பிக்குத் தாவியது. திரும்பி இந்தப் பக்கம் வந்தாள். அதுவும் வந்தது. "மனுஷனப் பாத்துத் தொறக்கறது பாத்திருக்கேன். சிவப்புச் சட்டையப் பாத்துத் தொறக்கறதுகூட ஒண்ணு வந்துச்சு. போனத் தாயா நெனச்சது இது ஒண்ணுதான். நல்லவேள, சார்ஜர் போடச் சொல்லிக் கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை. அலாரத்தை அமர்த்திவிட்டு, "எத்தன நாளா எங்கிட்ட அதுவும் தின்னுதுன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க?" என்றாள்.

"தெரியல."

"கண்ணு தொறக்காத காலத்துலேருந்து காதுல இதத்தான் கேட்டிருக்கு. மத்த ரெண்டும் கண்ணு தெரிஞ்சதும் மறந்துடுச்சு. இது பிடிச்சுக்கிச்சு." நாத்தனார் மறுபடி உட்கார்ந்தாள். "அதுங்க ரெண்டையும் இன்னிக்கு எடுத்துட்டுப் போறேன். வலைக்குள்ள நல்லா பறந்து பழகினதும் தொறந்து விட்டுடுவேன். இது அதுக்குள்ள வந்து சேந்தாத்தான் அதுங்களோட போகும். இல்லன்னா தனி ஆளு. தனி ஆளு எங்க வந்து உட்காருவான்னு உங்களுக்குத் தெரியும்."

"ஆபீஸ்ல."

"ஆமா. என் மேஜைக்குப் பின்னாடி எடம் இல்ல அண்ணி."

கடைக்குட்டி இறக்கையை உதறுவதை நிறுத்திவிட்டு, அமர்ந்துபோன கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பகல் முழுக்க ஊட்டாதீங்க" என்றாள் நாத்தனார். "விடிஞ்சதும் ஒரு வாய் மட்டும். அப்புறம் தட்டு நெறைய வெச்சுட்டு விட்டுடணும்."

"கத்துமே."

"கத்தட்டும்."

"செத்துடும்."

"ஒரு பகல்ல சாகாது. எட பாருங்க, குண்டோதரன் மாதிரி வெச்சிருக்கீங்க. சாயங்காலம் வரைக்கும் எதுவுமே தின்னலன்னா ஊட்டிக்கலாம். ஆனா அது வரைக்கும் நிறுத்திடணும் அண்ணி. வேற வழியில்ல."

அவள் கூண்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "போன தடவையும் நீதான் சொன்ன."

குரல் உயரவில்லை. மளிகைக் கடையில் போன தடவை என்ன விலைக்கு வாங்கினோம் என்று சொல்கிற குரல்தான். நாத்தனாரின் கை மடியில் அப்படியே நின்றது. மேஸ்திரி பப்பாளியிலிருந்து இறங்கி, காகிதத்தில் நாலு தத்துத் தத்தி, தண்ணீர்க் கிண்ணத்தில் அலகை நனைத்தான்.

"ஆமா" என்றாள் நாத்தனார். "நான்தான் தலையாட்டினேன்."

"தப்புன்னு சொல்லல."

"சொல்லுங்க. யாராச்சும் சொன்னாத் தேவலன்னுதான் இருக்கு எனக்கும். என் கூடப் பொறந்தவன் அவன். ஆட்டின தல இன்னும் நிக்கல."

சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று இருக்கும், இந்த இடத்தில் எல்லோரும் அதைச் சொல்வார்கள். எது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, பாத்திருக்கீங்கல்ல? கத்துக்கறவங்க பதறினா நான் மிதிப்பேன். அதுல எப்பவும் கால வெச்சுக்கிட்டே இருந்தேன்னு வைங்க, வண்டி இடிக்காது. அவங்களும் ஓட்டக் கத்துக்க மாட்டாங்க. அண்ணனுக்கு நிறுத்தினப்ப அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. இதுக்கு நிறுத்தினாத்தான் அப்புறம் எல்லாமே இருக்கு. ரெண்டும் ஒண்ணில்ல அண்ணி. ஒண்ணு மாதிரி தெரியுது, அவ்வளவுதான்."

நாத்தனார் கைப்பேசியை எடுக்கக் கை நீட்டியபோது, "நானே எடுக்கறேன்" என்றாள்.

அலாரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளமாக இருந்தன. இடையில் சேர்த்தவற்றை முதலில் நீக்கினாள். பிறகு பழையவை. பல் வரிசையில் பிசிறு மெழுகைச் சீவுகிறபோது எப்படியோ அப்படி, ஒவ்வொன்றாக, விட்டுப்போகாமல். கை ஆடவில்லை. நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வீட்டுல இருக்காதீங்க" என்றாள் போகும்போது, இரண்டு குருவிகள் இருந்த அட்டைப் பெட்டியைக் கையில் தாங்கிக்கொண்டு. "இருந்தா ஊட்டிடுவீங்க. பட்டறைக்குப் போங்க. ஊர்ல எத்தன பொக்கவாய் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கோ."

மறுநாள் விடிந்ததும் ஒரு வாய் ஊட்டினாள். புதுப் பப்பாளியைக் கீறிக் கிளையில் குத்தினாள். புழுத் தட்டை வைத்தாள். கூண்டின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்தாள். இடுக்கியைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தாள். கடைக்குட்டி இன்னொரு வாய் கேட்டுக் கத்தியது. கதவைப் பூட்டும்போதும் கத்திக்கொண்டிருந்தது. மாடிப்படி இறங்கி, தெருவுக்கு வந்து, மூலை திரும்பும்வரை கேட்டது. அல்லது கேட்பதுபோல் இருந்தது.

பட்டறையில் எதுவும் மாறவில்லை. அதே மெழுகு வாசனை, அரைக்கிற இயந்திரத்தின் அதே கீச்சு, அலமாரியில் அச்சு அச்சாக யார் யாருடையவோ ஈறுகள். பட்டறைக்காரர் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். அச்சுக்கு மாவு கரைக்கிற ஆள்தான் பேசினான். வயதில் அவளைவிடக் கொஞ்சம் இளையவன், பட்டறையின் வாயாடி.

"அக்கா வந்துட்டாங்க. இனிமே ஊரு சனம் நிம்மதியா மெல்லலாம்."

"உன் வேலயப் பாருப்பா" என்றார் பட்டறைக்காரர்.

"அதான் பாக்கறேன். அக்கா இல்லாதப்ப நீங்க நட்ட பல்லுல ஒருத்தர் சிரிச்சாராம், வீட்டுல கொழந்த அலறிடுச்சாம்."

"வேல குடுங்க" என்றாள் அவள்.

யாரோ ஒரு பெரியவருடைய கீழ்வரிசை. மெழுகு விளிம்பைச் சூடாக்கி, இடுக்கியால் பல்லைப் பதித்து, மேல்வரிசையோடு கடித்துப் பார்த்து, எடுத்து, மறுபடி பதித்து. வேலை ஓடியது. மத்தியானத்துக்கு மேல் ஒரு கைப்பேசி அடித்தது. கடையில் வாங்கும்போதே எல்லாவற்றிலும் இருக்கிற ஓசைதான், அவள் அலாரத்துக்கும் அதே ஓசை. அவள் எழுந்தாள். இடுக்கி கையில் இருந்தது. அறையைக் கடந்து, கை கழுவுகிற தொட்டி முன்னால் போய் நின்றாள்.

மாவுக்காரன் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து அமர்த்தினான். "என்னக்கா? என்ன வேணும்?"

தொட்டியில் வெள்ளை மாவு காய்ந்திருந்தது. குழாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மெழுகு ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடாக்கினாள். மாவுக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கிண்ணத்தைக் கலக்கினான்.

சாயங்காலம் அவள் மாடிப்படி ஏறியபோது சத்தம் எதுவும் இல்லை. பூட்டில் சாவியைப் போட்ட பிறகும் இல்லை. சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த மருத்துவமனை அறையின் கதவுக்கு வெளியிலும் இப்படி நின்றிருக்கிறாள். அப்போது உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. அதற்காகப் படபடப்பு வந்ததா என்று கவனித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அது மட்டும்தான்.

கடைக்குட்டி மேல்கிளையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பப்பாளி காலையில் குத்தி வைத்தபடியே இருந்தது. ஓரம் காய்ந்து கறுத்திருந்தது. புழுக்கள் தட்டின் விளிம்புக்கு அடியில் ஒதுங்கியிருந்தன. எத்தனை போட்டோம் என்று எண்ணி வைக்கவில்லை. அவள் இடுக்கியை எடுத்தாள். தீவனக் கிண்ணத்தைத் திறந்தாள். இன்றைக்கு ஆகவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று நாத்தனாரிடம் சொல்வதற்கான வாக்கியம்கூட வாய்க்கு வந்துவிட்டது.

காகிதத்தை மாற்றலாம் என்று முதலில் அடித்தட்டை இழுத்தாள்.

ஊட்டுகிற தீவனத்துக்கு எச்சம் பழுப்பாகத்தான் வரும். பப்பாளி தின்ற மற்ற இரண்டுக்கும் அது ஆரஞ்சாக மாறியிருந்தது; கடைக்குட்டியுடையது மட்டும் இத்தனை நாளும் பழுப்பு. காகிதத்தின் ஒரு பக்கம் காலையில் விழுந்த பழுப்புகள் காய்ந்து கிடந்தன. மறுபக்கம், பப்பாளி குத்தியிருந்த கிளைக்கு நேர் கீழே, ஆரஞ்சு. ஒன்றில்லை, சிதறலாக நாலைந்து. ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஆரஞ்சுதான். அப்புறம் பப்பாளியின் மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. திருப்பினாள். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில், யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல, அலகு அலகாகக் குடைந்த பள்ளம்.

அவளைப் பார்த்ததும் கடைக்குட்டி கம்பிக்கு வந்து, உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை உதறி, வாயைத் திறந்தது. உள்ளே அதே சிவப்பு. அலகின் ஓரத்தில் பப்பாளி நார் ஒட்டியிருந்தது.

இடுக்கி கையில் இருந்தது. கிண்ணம் திறந்திருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். குருவி கத்தியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொள்ளலாம், அறையை விட்டுப் போகலாம், இரண்டும் செய்யவில்லை. அவருக்கு நிறுத்திய நாட்களில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறந்தாரா இல்லையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இது திறந்தது. சளைக்காமல் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து அவளை ஒரு கண்ணால் பார்த்தது. கிளைக்குப் பறந்து போய், அலகை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துடைத்துக்கொண்டது.

அவள் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி." பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. "ஏம்மா, இடது பக்கம்னு சொன்னேன், இடது பக்கம். கண்ணாடியப் பாத்து. சரி, ஓரமா நிறுத்து. சொல்லுங்க அண்ணி."

"ஆரஞ்சு" என்றாள் அவள்.

"எத்தன?"

"நாலஞ்சு இருக்கும்."

என்னாச்சு மேடம் என்று யாரோ ஒரு பெண் கேட்பது கேட்டது. ஒண்ணும் இல்ல, நீ எஞ்சின அணைச்சிடு என்றாள் நாத்தனார். பிறகு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. பக்கத்தில் வண்டி கற்றுக்கொள்ள வந்தவள் உட்கார்ந்திருக்கிறாளே. இந்தப் பக்கம் அவள் கைப்பேசியைக் காதில் வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கும் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை. ஆனால் கேட்க முடிந்தது.

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றாள் நாத்தனார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மேஸ்திரி இன்னும் தேடிக்கிட்டிருக்கான் அத. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சாப்பிடுங்க. நான் வந்து ஊட்டிவிட மாட்டேன்."

சிரிக்கவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளாக அதுவும் தெரியாமல்தான் இருந்தது. "சரி" என்றாள். இருவரும் உடனே வைத்துவிடவில்லை. நாத்தனாரின் பக்கத்தில் வண்டிகள் போயின. இந்தப் பக்கம் கடைக்குட்டி பப்பாளியைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகப் போய் மறைந்தது. அலகு பழத்தில் படுகிற சத்தம் மட்டும், சின்னதாக, வந்துகொண்டிருந்தது.